மில்லிங்கிற்குப் பட்டறையிலேயே செய்த லேசர் சென்டர் ஃபைண்டர்: நெடுநாள் ஓட்டத்தில் எது நின்றது, எது படுத்தியது

ஸ்பிண்டிலில் பிடித்தால் அதன் அச்சு ஜாப்பில் (வேலைத்துண்டில்) எங்கே விழுகிறது என்று ஒரு லேசர் புள்ளியால் காட்டும் இந்தக் கருவி 0.1 மி.மீ. வேலைக்கானது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. லேசருக்கு விழும் பாராட்டும் திட்டும் பெரும்பாலும் இதை மறந்துவிட்டுப் பேசுவதால் வருபவை. வார்ப்பில் பஞ்ச் அடித்த சென்டரின் மேல் ஸ்பிண்டிலைக் கொண்டுபோய் நிறுத்த, மார்க்கிங் கோட்டைப் பிடிக்க, வைஸில் கட்டிய பிளேட்டின் மூலையை எடுக்க, ட்ரில் தொடும் முன் பி.சி.டி. துளைகள் (ஒரே வட்டத்தின் மேல் வரும் துளைகள்) எல்லாம் ஜாப்புக்குள்தான் விழுகின்றனவா என்று சும்மா ஓட்டிப் பார்க்க இதைவிட வேகமான சாமான் கிடையாது. ஹெச்7 போர் (மிக நெருக்கமான அளவுக்குள் வர வேண்டிய துளை), டவல் பின் துளை, பேரிங் உட்காரும் இடம் என்றால் லீவர் டயலையோ (முள் நகர்வில் அளவு காட்டுவது) எட்ஜ் ஃபைண்டரையோதான் (ஓரத்தைத் தொட்டு இடம் காட்டுவது) எடுக்க வேண்டும். நல்ல எட்ஜ் ஃபைண்டர் திரும்பத் திரும்ப 0.01 மி.மீ.க்குள் அதே இடத்தைக் காட்டும். லேசர் அதோடு போட்டிக்குப் போகாது.

கீழே வரும் அளவுகள் டி.ஆர்.ஓ. (டேபிளின் இடத்தை எண்ணில் காட்டும் டிஸ்ப்ளே) போட்ட எம்1டிஆர் வகை டரட் மில்லிங்குக்கும் ஈ.ஆர்.32 கோலெட் ஹோல்டருக்கும் (டூலைச் சுற்றி இறுக்கிப் பிடிப்பது) பொருந்துபவை. எம்.டி.3 (மோர்ஸ் டேப்பர் 3) ஸ்பிண்டில் உள்ள சின்ன மெஷின் என்றால் ஷாங்கை (கோலெட்டில் பிடிக்கும் தண்டை) 12 மி.மீ.க்குக் குறைக்க வேண்டிவரும். அப்போது பேட்டரி ஷாங்குக்குள் போகாது, உடலுக்குள் பட்டன் செல் வைக்க வேண்டும். மற்றபடி எல்லாம் ஒன்றுதான்.

உடல்

நிறையப் பேர் செய்வது 6 மி.மீ. பித்தளைத் தலை உள்ள மலிவு மாட்யூல், ஒரு ராடில் துளை, முன்னால் ஓ-ரிங், பின்னால் மூன்று கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத ஸ்க்ரூ). அரை நாளில் முடிந்துவிடும், நூறு ரூபாய்க்குள் மாட்யூலும் கிடைக்கும். முதல் நாள் அருமையாக இருக்கும். ஓ-ரிங் ரப்பர் அழுத்தத்தில் மெல்ல மெல்ல அமுங்கி இடம் விட்டுக்கொண்டே இருப்பதால் சில வாரங்களில் அலைன்மென்ட் நகர்ந்திருக்கும். சரிசெய்தால் மறுபடி நகரும். அந்த வடிவத்தில் இன்னொரு குறையும் உண்டு. பின் ஸ்க்ரூக்களால் கதிரின் சாய்வை மட்டும்தான் மாற்ற முடியும், பக்கவாட்டு விலகலைத் தொட முடியாது. அதனால் இங்கே சொல்வது இரண்டு வரிசையில் நாலு நாலாக எட்டு ஸ்க்ரூ உள்ள வடிவம். மூன்று மூன்றாகப் போட்டாலும் பிடிக்கும், ஆனால் 120 டிகிரியில் ஒன்றைத் திருப்பினால் எக்ஸ், ஒய் இரண்டுமே நகர்ந்து தலைவலி. 90 டிகிரியில் நாலு என்றால் எதிரெதிர் ஜோடி ஒரு திசையை மட்டும் பார்த்துக்கொள்ளும்.

மாட்யூல்: 650 நானோமீட்டர் சிவப்பு, 5 மில்லிவாட், 3 முதல் 5 வோல்ட், 12 மி.மீ. விட்டம், சுமார் 35 மி.மீ. நீளம், முன் லென்ஸைத் திருகி ஃபோகஸ் மாற்றும்படியானது. ஃபோகஸ் மாற்ற முடியாததை வாங்காதீர்கள். அவற்றில் லென்ஸ் பெரும்பாலும் தூரத்துக்கு வைத்து ஒட்டப்பட்டிருக்கும், 100 மி.மீ. தொலைவில் அரிசி அளவு புள்ளிதான் வரும். பச்சை லேசர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் என்று ஆசைப்படுவார்கள். பளிச்சென்று தெரிவதுதான் இங்கே பிரச்சினையே. அது பின்னால் வருகிறது.

உடலுக்கு 32 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பிரைட் பார், 110 மி.மீ. நீளம் வெட்டினால் போதும். அலுமினியம் வேண்டாம். எம்3 மரை அலுமினியத்தில் நாலைந்து தடவை இறுக்கித் தளர்த்தினாலே தளர்ந்துவிடும், அங்கிருந்து நம்பிக்கை போய்விடும். முதல் செட்டிங்கில் ஷாங்கை 20 மி.மீ. ஹெச்6-க்கு, அதாவது 20.000-இலிருந்து 19.987-க்குள், 55 மி.மீ. நீளத்துக்குத் திருப்பி, அதே பிடியில் ஷாங்க் முனையிலிருந்து 12.2 மி.மீ. துளையை 57 மி.மீ. ஆழம் போட்டு, வாயில் எம்14×1 மரை எடுத்துவிட வேண்டும். ஃபினிஷ் கட் நன்றாக வந்தால் எமரி தாளைத் தொடாதீர்கள். கையால் தேய்த்தால் அளவு எங்காவது மெலியும். ஷாங்க் உருளையாக இருப்பது ஒன்றுதான் இந்தக் கருவியில் உண்மையிலேயே துல்லியமாக வேண்டிய அளவு.

திருப்பிப் பிடித்து, உடலை 30 மி.மீ.க்கு எடுத்து 50 மி.மீ. நீளத்துக்கு முகம் பார்த்து, 14 மி.மீ. துளை 40 மி.மீ. ஆழம். இந்தத் துளை ஷாங்கோடு பத்து மைக்ரானுக்கு ஒத்திருக்க வேண்டிய அவசியமில்லை, ஸ்க்ரூ அதைச் சரிசெய்துவிடும். மாட்யூலைச் சுற்றி 1 மி.மீ. இடைவெளி அதற்காகத்தான். இரண்டு துளைக்கும் நடுவே 8 மி.மீ. சுவர் நிற்கும். அதில் ஒயர் போக 4 மி.மீ. ஓட்டை.

ஸ்க்ரூ வரிசைகள் முன் முனையிலிருந்து 8 மி.மீ.யிலும் 32 மி.மீ.யிலும். 2.5 மி.மீ. ட்ரில், எம்3 டேப், 6 மி.மீ. நீளக் கிரப் ஸ்க்ரூ. டிவைடிங் ஹெட் இருந்தால் நல்லது, இல்லையென்றால் நாலு முகச் சதுரக் கோலெட் பிளாக்கில் ஷாங்கைப் பிடித்து வைஸில் நாலு தடவை திருப்பினால் போதும். ஒவ்வொரு ஸ்க்ரூவின் கீழும் 1 மி.மீ. தடிப்பில் ஒரு சின்ன நைலான் வட்டு போட வேண்டும். போடாவிட்டால் ஸ்க்ரூ முனை பித்தளையில் குழி விழுத்தும். அடுத்த தடவை அலைன்மென்ட் செய்யும்போது முனை அந்தப் பழைய குழிக்குள்ளேயே போய் விழும். 0.05 மி.மீ. நகர்த்த நினைத்தால் ஒன்றுமே நகராது, இன்னும் கொஞ்சம் திருப்பினால் ஒரேயடியாகத் தாவும்.

மின்சாரம்

பேட்டரியை ஷாங்குக்குள் வைத்ததற்குக் காரணம் உண்டு. உடலைப் பிரித்து பேட்டரி மாற்றும் வடிவங்களில் ஒவ்வொரு மாற்றலிலும் அலைன்மென்ட் குலையும். இங்கே எம்14 பிளக்கைக் கழற்றினால் செல் வெளியே வரும், லேசர் இருக்கும் பக்கத்தில் யாரும் கை வைப்பதில்லை. எடையும் சுழலும் அச்சின் மேலேயே இருக்கும்.

முதலில் பலரும் போடுவது எல்.ஆர்.44 மூன்று. 4.5 வோல்ட் கிடைக்கும். மாட்யூல் 25 மில்லி ஆம்பியர் அளவில் இழுக்கும், அந்தப் பட்டன் செல்லுக்கு அது பாரம். கணக்குப்படி நாலைந்து மணி நேரம் வர வேண்டும். ஆனால் அல்கலைன் செல்லின் வோல்ட்டேஜ் தொடக்கத்திலிருந்தே சரிந்துகொண்டு வருவதால், பாதி ஆயுளில் புள்ளி மங்கிவிடும். 10440 லித்தியம் செல், 10 மி.மீ. விட்டம், 44 மி.மீ. நீளம், இதே துளைக்குள் காகிதக் குழாய் சுற்றிப் போட்டால் சரியாக உட்காரும். 350 மில்லி ஆம்பியர்-மணி என்றால் தொடர்ந்து எரியவிட்டாலும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். ஒரு எச்சரிக்கை: முழு சார்ஜில் இது 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்கு மட்டும் என்று விற்கும் மாட்யூலில் இதைப் போட்டால் டையோடு உடனே போகாது, சில நாளில் வெளிச்சம் பாதியாகி அப்புறம் வெறும் எல்.இ.டி. போல மங்கலாக எரியும். அது திரும்பி வராது.

செல்லின் பாசிட்டிவ் முனை நடுச்சுவரைப் பார்க்கும். அங்கே ஹைலம் (மின்சாரம் கடத்தாத பலகை) வட்டு ஒன்றை அரால்டைட்டில் ஒட்டி, நடுவில் பித்தளை ஸ்க்ரூ, அதிலிருந்து ஒயர் 4 மி.மீ. ஓட்டை வழியாக சுவிட்சுக்கு, சுவிட்சிலிருந்து மாட்யூலின் சிவப்பு ஒயருக்கு. நெகட்டிவ் பிளக்கின் ஸ்பிரிங் வழியாக உடலுக்கு வந்துவிடும். கறுப்பு ஒயரை உடலில் ஒரு எம்2 ஸ்க்ரூவில் லக் போட்டுப் பிடியுங்கள். கிரப் ஸ்க்ரூ தொட்டுக்கொண்டிருக்கிறதே என்று அதையே எர்த் ஆக நம்ப வேண்டாம், கீழே நைலான் இருக்கிறது.

மாட்யூலை உள்ளே வைக்கும் முன் மல்டிமீட்டரில் ஒரு சோதனை. பித்தளை உறை எந்த ஒயரோடு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். நிறைய மாட்யூல்களில் உறை பாசிட்டிவோடு சேர்ந்திருக்கும். அப்படியானால் மேலே சொன்ன இணைப்பில் உறை எங்காவது உடலைத் தொட்ட அந்த நொடியில் செல் ஷார்ட் ஆகும். ஷ்ரிங்க் டியூப் போட்டு மறைக்கலாம். அதைவிட எளிது செல்லைத் தலைகீழாகப் போட்டு உடலையே பாசிட்டிவ் ஆக்கிவிடுவது. நடுச்சுவர் ஒயர் அப்போது கறுப்புக்குப் போகும், சிவப்பு லக்குக்கு வரும். இன்சுலேஷன் கிழியுமோ என்ற கவலையே இல்லை.

சுவிட்சுக்கு உடலின் பின்பகுதியில், ஸ்க்ரூ வரிசைகளைத் தாண்டி, ஒரு சிறு பள்ளம் மில் செய்து சின்ன ஸ்லைடு சுவிட்ச். மொத்தக் கருவியிலும் முதலில் சாகும் பாகம் இதுதான். கூலன்ட் பட்ட கையால் தள்ளித் தள்ளி உள்ளே எண்ணெய் போய்க் காண்டாக்ட் விட்டுவிட்டு எரியும். நழுவும் திசை ஷாங்குக்கு இணையாக இருக்கும்படி வையுங்கள். குறுக்காக வைத்தால் ஸ்பிண்டில் கிளம்பும்போதும் நிற்கும்போதும் வரும் உதறலில் தானே அணையும்.

புள்ளி

பெரும்பாலான வீட்டுத் தயாரிப்புகள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. டையோடிலிருந்து வரும் கதிர் வட்டமல்ல, நீள்வட்டம். லென்ஸ் எவ்வளவு நன்றாக ஃபோகஸ் ஆனாலும் புள்ளி ஒரு சின்னக் கோடு போலவும் அதற்கு இரு பக்கமும் சிதறலாகவும் விழும். உடலின் முன் ஒரு மூடி போட்டு அதில் சின்ன ஓட்டை வைத்தால் ஓரத்துச் சிதறல் வெட்டுப்பட்டு ஓரளவு வட்டமாகும். உடனே எல்லாரும் செய்வது ஓட்டையை முடிந்தவரை சிறிதாக்குவது. அது நேர்மாறாக வேலை செய்யும். ஓட்டை சிறுக்கச் சிறுக்க ஒளி விரிந்து புள்ளி பெருக்கும். 650 நானோமீட்டருக்கு, 120 மி.மீ. தூரத்தில் ஃபோகஸ் வைத்தால், 1 மி.மீ. ஓட்டைக்குப் புள்ளி சுமார் 0.19 மி.மீ. அரை மி.மீ. ஓட்டைக்கு 0.38. 0.3 மி.மீ. ஓட்டைக்கு 0.63. பிசிபி (சர்க்யூட் போர்டு) ட்ரில்லைத் தேடி அலைய வேண்டாம், சாதாரண 1 மி.மீ. ட்ரில் போதும். பிசிறு மட்டும் இருக்கக் கூடாது. பிசிறு இருந்தால் புள்ளியிலிருந்து மீசை கிளம்பும்.

இதில் இன்னொரு லாபம்: 1 மி.மீ. ஓட்டையோடு ஃபோகஸ் தூரத்துக்கு மேலும் கீழும் 20 மி.மீ. அளவுக்குப் புள்ளி பெரிதாகாது. படிப்படியான ஜாப்பில் ஒவ்வொரு படிக்கும் டேபிளை ஏற்றி இறக்கத் தேவையில்லை.

ஃபோகஸ் தூரத்தை முடிவு செய்வது லேசரல்ல, அடுத்து மாட்டப் போகும் டூல். லேசர் கோலெட்டுக்குக் கீழே 50 மி.மீ. நீட்டும். ட்ரில் சக்கும் 12 மி.மீ. ட்ரில்லும் சேர்ந்தால் அதைவிட நூறு மி.மீ. நீளம் அதிகம். லேசரில் சென்டர் பிடித்துவிட்டு டேபிளை நூறு மி.மீ. இறக்கினால், பிடித்த சென்டர் அதே இடத்தில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. குவில்லை (ஸ்பிண்டிலோடு மேலும் கீழும் நகரும் குழாயை) நீட்டினால் டூல் ஸ்பிண்டில் அச்சின் மேலேயே வரும், லேசரும் அதே அச்சில் பார்க்கிறது, அதனால் பிழை இல்லை. டேபிள் ஏறி இறங்குவது வேறொரு வழிகாட்டியில். ஹெட் ட்ராம் (ஸ்பிண்டில் டேபிளுக்குச் செங்குத்தாக நிற்பது) 300 மி.மீ.க்கு 0.1 விலகியிருந்தால் நூறு மி.மீ. இறக்கத்துக்கு 0.03 மி.மீ. அங்கேயே போய்விடும். பழைய மெஷினில் ஜிப் (ஸ்லைடின் ஆட்டத்தைப் பிடிக்கும் பட்டை) தளர்ந்து டேபிள் தலை குனிவது அதற்கும் மேல். எனவே நீளமான டூலுக்கு எவ்வளவு உயரம் வேண்டுமோ அதை முதலில் வைத்து, டேபிளின் ஏற்ற இறக்கத்தைப் பூட்டிவிட்டு, அதற்கப்புறம் லேசரைப் பிடியுங்கள். ட்ரில் சக்கே அதிகம் பயன்படுத்தும் பட்டறையில் ஃபோகஸை 200 மி.மீ.க்கு வைத்து ஓட்டையை 1.5 மி.மீ. ஆக்கினால் புள்ளி 0.21-இல் நிற்கும்.

வெளிச்சத்தைக் குறைப்பதுதான் இந்தக் கருவிக்கு உயிர். 5 மில்லிவாட் புள்ளி ஸ்டீல் மேல் விழுந்தால் கண்ணுக்கு 2 மி.மீ. அகலத் தீப்பொறியாகத் தெரியும். புள்ளி 0.2 தான், கண்தான் அதை ஊதிக்காட்டுகிறது. குறைப்பதற்குச் சீரிஸில் (தொடராக) ரெசிஸ்டர் போடுவார்கள். அது சரிப்படாது. லேசர் டையோடு ஒரு குறிப்பிட்ட கரென்டுக்குக் கீழே லேசராகவே இருக்காது, அந்த எல்லைக்குப் பக்கத்தில் கொஞ்சம் சூடு ஏறினாலும் வெளிச்சம் தாறுமாறாக மாறும். சரியான வழி போலரைசிங் படலம். பழைய கால்குலேட்டர் டிஸ்ப்ளேயின் முன்பக்கத்திலிருந்து உரித்தாலே கிடைக்கும். டையோடு லேசரின் ஒளி ஏற்கெனவே ஒரே திசையில் போலரைஸ் ஆகி வருவதால் ஒரு படலமே போதும், இரண்டு தேவையில்லை. முன்மூடியில் ஓட்டைக்குப் பின்னால் படலத்தை ஒட்டி, மூடியைத் திருப்பினால் கால் சுற்றுக்குள் முழு வெளிச்சத்திலிருந்து கிட்டத்தட்ட இருட்டு வரை போகும். படலத்தில் கைரேகை, சுருக்கம், பசை எதுவும் இருக்கக் கூடாது.

இது கண்ணுக்கும் பாதுகாப்பு. 1 மில்லிவாட்டுக்கு உட்பட்டதில் இமைக்கும் அனிச்சையே காப்பாற்றும். 5 மில்லிவாட் அந்த எல்லையைத் தாண்டியது. மலிவு மாட்யூல்களில் லேபிளில் 5 என்று இருந்தாலும் அதற்கு மேல் வரலாம். பாலிஷ் ஆன ஜாப்பிலிருந்து எதிரொளிக்கும் கதிர் நேராக வரும் கதிருக்குக் கிட்டத்தட்டச் சமம். குனிந்து பார்க்கும் முன் மூடியைத் திருப்பி மங்கலாக்கிவிடுவது பழக்கமாக வேண்டும்.

அலைன்மென்ட்

கதிர் ஸ்பிண்டில் அச்சோடு ஒன்றாக இல்லை என்றால் இரண்டு வகையில் விலகியிருக்கும்: பக்கத்தில் நகர்ந்து இணையாக இருக்கலாம், அல்லது சாய்ந்திருக்கலாம். சாய்ந்த கதிர் ஏதாவது ஓர் உயரத்தில் அச்சைக் குறுக்கே வெட்டலாம். அந்த உயரத்தில் மட்டும் சோதித்தால் பிரமாதமாகத் தெரியும். ஒரே தூரத்தில் அலைன்மென்ட் செய்து முடித்த கருவிகள் வேறு உயரத்தில் பொய் சொல்வது இதனால்தான்.

சர்ஃபேஸ் பிளேட்டில் வீ-பிளாக், அதில் ஷாங்க், பின்னால் ஒரு ஸ்டாப். 5 மீட்டர் தள்ளி சுவரில் வெள்ளைத் தாள். போலரைசர் மூடியைக் கழற்றிவிட்டு ஷாங்கை விரலால் அழுத்திக்கொண்டே மெல்ல உருட்டினால் புள்ளி சுவரில் வட்டம் போடும். கிட்டத்தில் ஃபோகஸ் வைத்த கதிர் அங்கே அகலமாக விரிந்திருக்கும், அதன் நடுவைப் பாருங்கள். தூரத்து வட்டம் சாய்வைச் சொல்கிறது, அதற்குப் பின் ஸ்க்ரூக்கள். பிறகு 120 மி.மீ. முன்னால் கிராஃப் தாள் வைத்து மீண்டும் உருட்டுங்கள். கிட்டத்து வட்டம் விலகலைச் சொல்கிறது, அதற்கு முன் ஸ்க்ரூக்கள். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கொஞ்சம் கெடும், மாறி மாறி நாலைந்து சுற்றில் அடங்கிவிடும். எம்3 ஸ்க்ரூவின் பிட்ச் 0.5 என்பதால் பின் ஸ்க்ரூவை எட்டில் ஒரு சுற்று திருப்பினாலே சுவரில் புள்ளி 13 மி.மீ. நகரும். அலென் கீயின் நீளக் காலைப் பிடித்துத் திருப்புங்கள், எதிர் ஸ்க்ரூவைத் தளர்த்திய பிறகே இதை இறுக்குங்கள். சுவரில் வட்டம் 4 மி.மீ. விட்டத்துக்கு வந்துவிட்டால் போதும்: அது 120 மி.மீ. தூரத்தில் 0.05 மி.மீ. ஆரம்தான். அதற்கு மேல் மெனக்கெடுவது வீண்; ஈ.ஆர். கோலெட்டின் ரன்-அவுட்டே (சுழலும்போது வரும் ஆட்டமே) 0.01, 0.02 மி.மீ. இருக்கும்.

ட்ரில் சக்கில் லேசரைப் பிடிக்கவே கூடாது. அதன் ரன்-அவுட் 0.1-ஐத் தாண்டும். இவ்வளவு உழைப்பும் அதில் கரைந்துவிடும்.

இதைத் தொடங்கும் முன் லென்ஸைக் கவனியுங்கள். அலைன்மென்ட் நாளாக ஆகத் தானே நகர்கிறது என்று புகார் சொல்பவர்கள் ஸ்க்ரூவைத்தான் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் குற்றவாளி லென்ஸ் மரை. பிளாஸ்டிக் லென்ஸ் பிடி தளர்வான மரையில் ஒரு ஸ்பிரிங்கின் தயவில் நிற்கிறது. லென்ஸின் குவிதூரம் 5 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அது 0.01 மி.மீ. பக்கவாட்டில் ஆடினாலே 120 மி.மீ. தூரத்தில் புள்ளி 0.24 மி.மீ. தள்ளிப் போகும். எட்டு ஸ்க்ரூவும் கல்லாக இருந்து என்ன பயன்? மரையில் டெஃப்லான் டேப் ஒரு சுற்று சுற்றி, ஃபோகஸ் பிடித்து, ஓரத்தில் ஒரு துளி அரால்டைட் வைத்து ஒரு நாள் விட்டுவிட்டு, அதன் பிறகே ஸ்க்ரூவைத் தொடுங்கள். ஸ்க்ரூக்களுக்கு நெயில் பாலிஷ் போதும். வலுவான த்ரெட் லாக்கர் போட்டால் அடுத்த தடவை அலென் குழி வழுக்கிவிடும்.

மெஷினில்

எவ்வளவு நன்றாக அலைன் செய்தாலும் மிச்சம் கொஞ்சம் இருக்கும். அதை இல்லாமலாக்க இரண்டு வழி. புள்ளி எங்கே விழுந்தாலும், ஸ்பிண்டிலைச் சுற்றினால் அது போடும் வட்டத்தின் நடு ஸ்பிண்டில் அச்சுதான். பஞ்ச் மார்க்கைப் பிடிக்க ஸ்பிண்டிலை நிமிடத்துக்கு 300 முதல் 500 சுற்றில் ஓடவிட்டு, சின்ன வளையத்தின் நடுவில் பஞ்ச் குழி வருமாறு டேபிளை நகர்த்துவது மிக எளிது. ஒரு புள்ளியைக் குழியின் நடுவில் உட்கார வைப்பதைவிட, குழியைச் சுற்றி ஒரு வளையம் எல்லாப் பக்கமும் ஒரே இடைவெளியில் நிற்கிறதா என்று கண் நன்றாகவே கண்டுபிடிக்கும். இதற்காகவே வேண்டுமென்று 0.3 மி.மீ. அளவு விலகலை விட்டுவைப்பவர்கள் உண்டு. பஞ்ச் வேலையே பிரதானம் என்றால் அது நல்ல யோசனைதான். வளையம் விட்டுவிட்டுத் தெரிகிறதே என்று 1000 சுற்றுக்கு ஏற்றினால் உடலின் வெளிவட்டத்தில் புவியீர்ப்பைவிட 17 மடங்கு விசை வருகிறது, சுவிட்ச் காண்டாக்ட் அதில் படபடக்கும். 500-க்கு மேல் தேவையில்லை.

ஓரம் எடுக்க இரண்டாவது வழி. ஸ்பிண்டிலை நிறுத்தி, உடலில் போட்ட கோடு முன்பக்கம் பார்க்கும்படி வைத்து, புள்ளி பாதி மேல் முகத்திலும் பாதி கீழே டேபிளிலும் விழும்வரை நகர்த்தி டி.ஆர்.ஓ.வைக் குறியுங்கள். கையால் ஸ்பிண்டிலை 180 டிகிரி திருப்பி மறுபடி. ஒன்று 10.32, இன்னொன்று 10.18 என்றால் ஓரம் 10.25. லேசரின் சொந்த விலகல் 0.07 என்பதும் கூடவே தெரிந்துவிடும், அந்த எண் வளர்ந்துகொண்டே போனால் அலைன்மென்ட் பார்க்க நேரமாயிற்று. எப்போதும் ஒரே திசையிலிருந்து அணுகுங்கள். டி.ஆர்.ஓ. இல்லாத மெஷினில் பேக்லாஷ் (டேபிள் ஸ்க்ரூவின் வெற்று ஆட்டம்) லேசரின் பிழையைவிடப் பல மடங்கு பெரிது.

ஒற்றை ஓரத்தில் "பாதி" என்று கண் முடிவெடுப்பது ஆளுக்கு ஆள் மாறும், மங்கலான புள்ளியிலும் 0.05 முதல் 0.1 வரை ஆடும். துளைக்கு நடு பார்க்கும்போது இந்தக் குறை தானாக அடிபட்டுப்போகும். இடது ஓரத்தில் புள்ளி மறையும் இடம் 12.46, வலது ஓரத்தில் 51.90 என்றால் நடு 32.18. கண் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் தவறும், அதனால் கழிந்துவிடும். நடுவில் ஸ்பிண்டிலைத் திருப்பாமல் இரண்டு பக்கமும் எடுங்கள், பிறகு 180 டிகிரி திருப்பி இரண்டு பக்கமும் எடுத்துச் சராசரி பாருங்கள்.

இந்தக் கருவி நிஜமாகவே காசைத் திருப்பித் தருவது வார்ப்பு வேலையில். கோவைப் பக்கம் பட்டறைகளுக்கு வரும் பம்ப் கேசிங்குகளில் கோர் (உள்வெற்றிடத்தைத் தரும் மணல் அச்சு) நகர்ந்து பாஸ் (துளைக்கான மேடு) ஒரு நூல் (எட்டில் ஒரு அங்குலம்) வரைகூடத் தள்ளி நிற்கும். எட்ஜ் ஃபைண்டருக்கு அந்தச் சொரசொரப்பில் தொட ஒரு நேரான முகம் கிடையாது. டயலை வைத்தால் முள் துள்ளும். லேசரை ஓட்டி, ஃப்ளாஞ்சின் ஓரத்தையும் நாலு பாஸின் ஓரங்களையும் குறித்துக்கொண்டால், எல்லாத் துளைக்கும் சுவர் மிஞ்சும்படி ஜீரோவை எங்கே வைப்பது என்று கட்டிங் தொடங்கும் முன்பே முடிவெடுக்கலாம். ரோட்டரி டேபிள் சக்கில் பிடித்த ரஃப் பாரின் நடுவை எடுப்பதும் இதே போல்தான்.

ஒத்துவராத முகங்களும் உண்டு. கிரைண்டிங் முகத்தில் புள்ளி தேய்ப்புக் கோட்டுக்குக் குறுக்கே நீண்ட கீற்றாகப் பரவும், மணல் மணலாக மினுக்கும். மாஸ்கிங் டேப்போ, சுண்ணாம்புக் கலவையோ, மார்க்கிங் புளூவோ ஒரு பூச்சு கொடுத்தால் அடங்கும். மாஸ்கிங் டேப் ஓரம் வரை ஒட்டி பிளேடால் ஓரத்தோடு அறுத்துவிட்டால் எட்ஜ் எடுப்பதும் சுலபம். ஓரத்தில் சேம்ஃபர் (சரிவாக வெட்டிய விளிம்பு) இருந்தால் லேசர் எதைக் காட்டுகிறது என்று நம்ப முடியாது, எட்ஜ் ஃபைண்டரைக் கொண்டு பக்கச்சுவரைத் தொடுங்கள். எண்ணெய் படிந்த முகத்திலும் அப்படியே, துடைத்துவிட்டுப் பாருங்கள்.

பராமரிப்பு அதிகமில்லை. கூலன்ட் தெறித்துப் போலரைசர் மேல் காய்ந்த வெள்ளைப் படிவம்தான் அடிக்கடி வரும். புள்ளியைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தால் அது. கண்ணாடி துடைக்கும் துணி போதும், தின்னரும் அசிட்டோனும் படலத்தைக் கரைத்துவிடும். வேலை முடிந்ததும் மெஷின் மேலேயே விடாமல், ஷாங்க் கீழே, மூடி மேலே என்று ஒரு மரக்கட்டைத் துளையில் நிறுத்தி வைத்தால் சிப் உள்ளே போகாது. கீழே விழுந்தால் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் வீ-பிளாக்கில் ஒரு முறை உருட்டிப் பார்த்த பிறகே நம்புங்கள். நீண்ட நாள் பயன்படுத்தாமல் வைக்கும்போது செல்லைக் கழற்றிவிடுங்கள். அல்கலைன் செல் என்றால் கசிந்து பிளக் மரையைத் தின்றுவிடும்.

டூலை மாற்றி மாற்றி மாட்டுவதே பிடிக்கவில்லை என்பவர்களுக்கு இன்னொரு வடிவம் இருக்கிறது: ஹெட்டில் இரண்டு கோட்டு லேசர்கள், ஒன்று எக்ஸ் திசையில், ஒன்று ஒய் திசையில். ஒவ்வொன்றின் ஒளித்தளமும் ஸ்பிண்டில் அச்சின் வழியாகப் போகும்படி வைத்தால், இரண்டு கோடும் வெட்டும் இடம் எந்த உயரத்திலும் அச்சின் மேல்தான் இருக்கும். ட்ரில் பிரஸ்ஸுக்கு இது அருமை, ட்ரில் மாட்டியிருக்கும்போதே வேலை செய்யும். மில்லிங்கில் கோட்டின் தடிப்பே அரை மி.மீ.யைத் தாண்டுவதாலும், பெரிய கட்டர் மாட்டினால் அதன் நிழலே வெட்டும் இடத்தை மறைப்பதாலும், டரட் ஹெட்டை ஒரு தடவை சாய்த்து நிமிர்த்தியதும் ட்ராமோடு சேர்த்து இதையும் சோதிக்க வேண்டியிருப்பதாலும், ஷாங்கில் பிடிக்கும் ஒற்றைப் புள்ளிக்கு இது மாற்றாகாது. வைக்கிறவர்கள் கோலெட்டில் கூர்மையான ஊசி ஒன்றைப் பிடித்து, குவில்லை முழுவதும் நீட்டியும் முழுவதும் இழுத்தும், இரண்டு கோடும் ஊசியின் உடலை நடுவாகவே பிளக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பிடியை இறுக்குங்கள்.